பெயர் மட்டும் மிஞ்சினால் போதுமா?

டோபி காட்டில் வடக்கு கிழக்கு ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த துறைதான் டோபி காட். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் மாட்டுத் தொழிலின் பெயர்கள்: பஃபலோ ரோடு, மலாயில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் ரோடு, மாட்டு வணிகர் பெலிலியோஸ் பெயரில் ஒரு சாலை. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் 19ஆம் நூற்றாண்டில் அங்கே மாட்டுத் தொழில் தழைத்தது. நகரம் வளர்ந்தது, மாடுகள் போயின, பெயர்கள் மிஞ்சின.

தமிழ்நாட்டில் காங்கேயம் மாட்டுக்கும் இந்த நிலை வந்துவிடுமோ என்பதே இன்றைய கேள்வி.

கொங்கு நாட்டின் வறண்ட மண்ணில் உருவான இனம் இது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தேர்ந்த காளைகளை வளர்த்து இதற்குப் புகழ் சேர்த்தது. பிறக்கும்போது கன்று செந்நிறம். சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகும். கிளுவை வேலியும், வெள்வேல மரமும், கொழுக்கட்டைப் புல்லும் கொண்ட கொரங்காடுதான் இதன் மேய்ச்சல் நிலம்.

ஏர் உழுதது, கவலை இறைத்தது, பாரவண்டி இழுத்தது இந்த மாடு. மோட்டார் பம்பும் டிராக்டரும் வந்ததும் காளைக்கு வேலை போயிற்று. பசுவோ நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் பால்தான் கறக்கும். அதிகம் கறக்கும் ஜெர்சி கலப்பின மாடு தொழுவத்துக்கு வந்தது. கொரங்காடுகள் பல வீட்டுமனைகளாயின.

தென்னாப்பிரிக்காவின் நுகுனி மாடும் ஐரோப்பிய இனங்களுக்கு முன் மட்டமானதென ஒதுக்கப்பட்டதுதான். வறட்சியையும் உண்ணியையும் தாங்கும் அதன் திறன் பின்னர் உணரப்பட்டு, மதிப்பு திரும்பியது.

2017 சனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டனர். ஜல்லிக்கட்டுக்கு வழிவகுத்த மாநிலச் சட்டத்தை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் வாடிவாசல் திறந்தால் மட்டும் இனம் வாழாது. மேய்ச்சல் நிலம் வேண்டும். வளர்க்கும் விவசாயிக்கு வருமானம் வேண்டும்.

பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டும்போது நம் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். ஊருக்குப் போகும்போது அவர்களைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒருமுறை அழைத்துப் போகலாமே? சாலைப் பெயரில் மட்டுமே மாட்டைப் பார்க்கும் நிலை அங்கும் வர வேண்டாம். சிந்திப்போம், நேயர்களே!