ஆயுளுக்கு எத்தனை ஆண்டு?
கொலைக் குற்றவாளியைக் குறைந்தது எத்தனை ஆண்டு உள்ளே வைப்பது என்ற வாதம் எழும்போதெல்லாம், ‘ஆயுள்னா பதினாலு வருஷம்தானே’ என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். சினிமா வேறு இதற்குச் சாட்சி. வடமொழி ‘ஆயுஸ்’ நம்மிடம் ஆயுள், ஆயுசு என இரண்டாக நின்றது. தீர்க்காயுசு, அற்பாயுசு, ஆயுர்வேதம் எல்லாம் அதன் உறவுகள். வாழ்த்தும்போது நூறாக இருப்பது கோர்ட் வாசலில் மட்டும் ஏன் சுருங்குகிறது? 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 433ஏ பிரிவு, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரைத் தண்டனைக் குறைப்பில் விடுவிக்க 14 ஆண்டுச் சிறைவாசமாவது வேண்டும் என்றது. அந்தக் கீழ்வரம்பை ஊர்வாய் மேல்வரம்பாக்கிவிட்டது. ஆயுள் என்றால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும்தான் என்று உச்ச நீதிமன்றம் கோபால் கோட்சே வழக்கில் 1961-லேயே சொல்லியாயிற்று. 1955 திருத்தம் வரும்வரை இத்தண்டனையின் பெயரே வேறு. மக்கள் வாயில் ‘தீவாந்தரம்’. த்வீபம், அந்தரம்: வேறு தீவு. அந்தமானை மனத்தில் வைத்த பேச்சு. ஆண்டுக்கணக்கைவிட இடம்தான் அதில் அச்சுறுத்தியது. தண்டனையோ ‘தண்டம்’ என்ற கோலில் பிறந்தது. வீண்செலவைத் தண்டம் என்பதும் அந்தக் கோலின் வழிதான். தண்டனையைத் தமிழில் சொல்ல வள்ளுவர் ஆண்ட ‘ஒறுத்தல்’ இருக்கிறதே என்பார்கள். ‘வாழ்நாள் ஒறுப்பு’ என் காதுக்கு நோன்பு போலப் படுகிறது. ‘வாழ்நாள் சிறை’ போதும். அதைப் பதினாலாக எண்ண யாருக்கும் சட்டென்று வாய் வராது.