பேராசிரியரின் கதிரை

1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் துறைப் பேராசிரியர்தான் துறைத்தலைவர். தமிழ்க் கதிரையில் 1943 முதல் 1947இல் இறக்கும்வரை விபுலானந்தர், பிறகு 1965 வரை க. கணபதிப்பிள்ளை. 18 வருசம்! யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில நாடகம் எழுதி, கல்வெட்டுத் தமிழையும் ஆராய்ஞ்ச மனிசன் கிடைச்சது அதிர்ஷ்டம்தான். ஆனா அப்பிடி ஒருத்தர் கிடைக்காத துறையில? கீழே இருக்கிற விரிவுரையாளர் அவர் ஓய்வுபெறும்வரை வாய்மூடி இருக்கவேணும்.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் இதை 3 வருடப் பதவியாக்கியது. சிரேஷ்ட விரிவுரையாளரும் தலைவராகலாம். அதன்மேல்தான் சேவைமூப்புப்படி முறைவைத்து மாறும் வழக்கம் வளர்ந்தது. மூப்பு திறமைக்குச் சான்றில்லை, உண்மைதான். ஆனா இண்டைக்குத் தலைவரா இருக்கிறவர், நாளைக்குத் தன்ர கனிஷ்ட விரிவுரையாளரிட்டயே லீவுக்குக் கையெழுத்து வாங்கவேணும். அது அவருக்கும் தெரியும்.