ஆண்பனையும் அயலவரும்

ரொறன்ரோவில் வாழும் எனது பள்ளித்தோழர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார். பின்வளவில் நட்ட இனிப்புச் செர்ரி மரம் வசந்தத்தில் பூத்துக் குலுங்குகிறதாம். காயோ விரல்விட்டு எண்ணும் அளவே. "மலட்டு மரம், தறிக்கப்போகிறேன்" என்றார். எங்கள் ஊர் ஆண்பனையின் வரலாற்றை அவருக்கு நினைவூட்டினேன்.

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் வழங்குவர். நட்டு 12, 15 ஆண்டுகள் சென்று முதற்பாளை வெளிவந்த பின்னரே எது எதுவெனத் தெரியும். 7 ஆம் நூற்றாண்டில், இன்றைய செய்யாறு நகரிலுள்ள திருவோத்தூரில், ஓர் அடியவர் நட்ட பனைகள் யாவும் ஆணாகிவிட, சமணர் எள்ளினர். திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவை குலை ஈன்றன என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம்.

தாவரங்களுக்கும் பால்வேறுபாடு உண்டென்பதை ஐரோப்பாவில் பரிசோதனை மூலம் காட்டியவர் ஜெர்மானியப் பேராசிரியர் கமராரியஸ். ஆமணக்கின் ஆண்பூக்களை மலருமுன் நீக்கி, விதை உண்டாகாமையைக் கண்டு, அவர் எழுதிய ஆண்டு 1694. பனையின் பாலை நம்மவர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறிந்திருந்தனர். ஆயினும் பெருமை கொள்ளுமுன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். திருவோத்தூர்க் கதையில் ஆண்பனை குறையுள்ள மரம். பெண்பனை காய்ப்பதற்கு அதன் மகரந்தமே காரணம் என்ற எண்ணம் அங்கே இல்லை.

எங்கள் வீட்டிலும் அதே பார்வைதான். 1970களின் இறுதியில், காய்க்காத மரந்தானே என்று, வளவிலிருந்த இரண்டு ஆண்பனைகளையும் ஐயா கூரைமரத்துக்காகத் தறிப்பித்தார். அடுத்த பருவத்திலும் நுங்குக்குக் குறைவில்லை. காரணம் பின்னாளிலேயே எனக்கு விளங்கியது. எல்லைத் தகராற்றால் எங்களோடு பேசாதிருந்த அயலவரின் வளவில் ஆண்பனைகள் நின்றன. அவற்றின் மகரந்தம் காற்றோடும் பூச்சிகளோடும் வேலியைக் கடந்து வந்தது. அவரும் ஐயாவைப்போல் எண்ணியிருந்தால் இரு வளவிலும் பனங்காய் இருந்திராது. பினாட்டும் இல்லை, ஒடியலும் இல்லை.

1983 முதல் 2009 வரையான போரில் ஷெல்லடியாலும், பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டதாலும், குடாநாடு எண்ணற்ற பனைகளை இழந்தது. போர் ஓய்ந்தபின் பலர் பனம்விதை நட்டு வருகின்றனர். அவை பாளை விடும்போது ஆண்மரங்களையும் விட்டுவைக்க வேண்டும்.

நண்பரின் செர்ரியோ பனை போன்றதன்று. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆனால் பெரும்பாலான இனிப்புச் செர்ரிகள் தம் இனத்தின் மகரந்தத்தை ஏற்கா. பிங் இன மரங்கள் நூறு நட்டாலும் ஒன்றுக்கொன்று உதவா. அதே வேளையில் பூக்கும், பொருந்தக்கூடிய வேற்றினம் அருகே வேண்டும். குளிர்மழையில் தேனீக்கள் வெளிவராவிட்டால் அதுவும் பயன்படாது. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் ஸ்டெல்லா இனத்தைக் கனடாவின் சமர்லாண்ட் ஆய்வு நிலையம் 1968 இல் வெளியிட்டது. அதில் ஒன்றை நட்டால் இவருடைய மரத்துக்கும் மகரந்தம் கிடைக்கக்கூடும்.

"என் வளவில் இன்னொன்றுக்கு இடமில்லையே" என்றார்.

"பக்கத்து வளவில்?" என்று கேட்டேன்.

எட்டு ஆண்டுகளாக அயல்வீட்டாரோடு ஒருவார்த்தை பேசியதில்லை என்றார். மரத்தை மட்டும் இவ்வாண்டு தறிப்பதில்லை என வாக்களித்திருக்கிறார்.