அருகிருப்போரின் மரபணு: ஊரூட்டம்பலம் பள்ளியும் ஓர் அறிவியல் கருத்தும்

ஒரு குழந்தையின் அருகே எந்தக் குழந்தை அமரலாம் என்னும் வினா, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையே எரித்திருக்கிறது. திருப்புறம், பாறசாலை முதலிய இன்றைய எல்லையூர்களைச் சூழ்ந்த அவ்வட்டாரம் அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது.

புலையர் குழந்தைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கும் ஆணை 1910இல் பேசுபொருளாயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் ‘சுதேசாபிமானி’ இதழ் அதனை எதிர்த்துத் தலையங்கம் தீட்டியது. தலைமுறைகளாக அறிவை உழுதவரின் மக்களையும் நிலத்தை உழுதவரின் மக்களையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒப்பாகும் என்பது அதன் வாதம். அதன் ஆசிரியர் கெ. இராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். அரசின் ஊழலைச் சாடியமைக்காக அதே ஆண்டு செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டவர். 1912இல் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதியவர். அத்தகைய சீர்திருத்தவாதியே இவ்வாறு எழுதினார் என்பது, பிறப்புவழித் தகுதி என்னும் நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

கொல்லம் ஆண்டு 1090இல், அதாவது 1914-15இல், அய்யங்காளி பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். பள்ளி தீக்கிரையாயிற்று, கலகம் சுற்றூர்களுக்கும் பரவியது.

தலையங்கத்தின் வாதத்தில் இரு துணிபுகள் பொதிந்திருந்தன. ஒன்று, ஒருவரின் திறன் அவரது பிறப்பிலேயே அடங்கியது என்பது. மற்றொன்று, வேறு பிறப்புடையோரின் அண்மை அத்திறனைக் கெடுக்கும் என்பது. பிற்கால மரபியல் அண்மையின் விளைவை அளக்க முற்பட்டது; அந்த முயற்சியே முதல் துணிபின் அடித்தளத்தை அசைத்தது.

1967இல் புரூஸ் கிரிஃபிங் என்னும் மரபியலாளர் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். ஓர் உயிரியிடம் காணப்படும் பண்பு அதன் சொந்த மரபணுக்களின் விளைவு மட்டுமன்று. உடனிருப்பவற்றின் மரபணுக்களும் அதில் பங்கேற்கின்றன. 1996இல் வில்லியம் மியூர் இதனைக் கோழிகளில் சோதித்துக் காட்டினார். மிகுதியாக முட்டையிடும் கோழிகளைத் தனித்தனியே தேர்ந்தால், பிறவற்றைக் கொத்தி ஒடுக்கும் கோழிகளும் தேர்வாகிவிடக்கூடும். அவர் கூண்டு முழுவதையும் ஓர் அலகாக அளந்து தேர்ந்தார். சில தலைமுறைகளுக்குள் ஆண்டு இறப்பு 68 விழுக்காட்டிலிருந்து 8.8 விழுக்காடாகக் குறைந்தது.

2017இல் அமெலி போவும் அவருடைய குழுவினரும் எலிகளை ஆராய்ந்தனர். பதற்றம், புண் ஆறுதல், நோயெதிர்ப்பு, உடல் எடை ஆகியவற்றிலும் கூண்டுத் தோழரின் மரபணுக்களுக்குப் பங்குண்டு எனவும், சில பண்புகளில் அப்பங்கு 29 விழுக்காடு வரை எட்டுகிறது எனவும் கண்டனர். 2018இல் வெளியான ஐஸ்லாந்து ஆய்வு மனிதக் குடும்பங்களை நோக்கியது. பெற்றோர் பிள்ளைக்குக் கடத்தாத மரபணு வடிவங்களும் பிள்ளையின் கல்வியோடு தொடர்புற்றிருந்தன. அவற்றின் விளைவு, கடத்தப்பட்டவற்றின் விளைவில் ஏறத்தாழ 30 விழுக்காடு. கடத்தப்படாத மரபணு பிள்ளையின் உடலில் இல்லை. பெற்றோர் அமைத்துத் தரும் வளர்ப்புச் சூழலின் வழியாகவே அது பிள்ளையை எட்ட இயலும்.

இவ்வாய்வுகளைத் தவறாகப் படிக்கும் ஆபத்து உண்டு. ‘தீய மரபணுக்களிடமிருந்து விலகியிரு’ என்னும் பழைய தீண்டாமைக்குப் புதிய சொற்களாக அவை ஆகிவிடலாம். ஆனால் அவை சாதியை அளந்தவை அல்ல. அவை அளந்தது தனி உயிர்களுக்கிடையேயான வேறுபாட்டையும், அது நடத்தை வழியாகவும் சூழல் வழியாகவும் மற்றவரை எட்டும் விதத்தையும்தான். சூழலை மாற்றினால் விளைவும் மாறக்கூடும்.

ஒருவரின் ‘தகுதி’ என எண்ணப்படுவதில் உடனிருந்தோரின் கொடையும் கலந்துள்ளது என்றால், வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தை எழுத்தோடு சேர்த்து அக்கொடையையும் இழந்தது. பின்னர் அந்த இழப்பே அதன் பிறவிக் குறையாகக் கணக்கிடப்பட்டது.

திருக்குறளின் ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தில் ‘இனம்’ என்பது ஒருவர் சேரும் கூட்டத்தைக் குறிக்கிறது. இன்றைய வழக்கில் அச்சொல் பெரிதும் பிறப்புவழிக் குழுவையே சுட்டுகிறது. 1910இன் தலையங்கம் இவ்விரு பொருளையும் ஒன்றாக்கிச் சேர்க்கையின் விளைவைப் பிறப்பின் மேல் ஏற்றியது. பஞ்சமி அமர்ந்ததாகச் சொல்லப்படும் பாதி எரிந்த பெஞ்சு ஊரூட்டம்பலம் பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. மரபணு பற்றிய புதிய கண்டுபிடிப்புகளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோர், அந்தப் பெஞ்சின் வரலாற்றையும் சேர்த்தே கற்பிப்பது நன்று.