கடாரத்துக் கலுழன்

மக்கள் வாழும் நாடுகள் பலவற்றிலும் பெரும் பறவை ஒன்றைப் பற்றிய கதை தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. பாரசீகர்க்குச் சீமுர்க்கு, அரபியர்க்கு அன்கா என்றும் ருக் என்றும் இரண்டு பறவைகள், நமக்குக் கலுழன். மலேசிய மண்ணுக்கும் அத்தகைய பறவை ஒன்று உண்டு. மலாய் மொழியில் அதற்குக் 'கெரோடா' என்று பெயர். கெடா மாநிலத்தின் பழங்கதை நூலாகிய 'ஹிகாயத் மேரோங் மகாவங்சா' இப்பறவையின் செயலைக் கொண்டே தொடங்குகிறது. கெடா என்பது நம் முன்னோர் கூறிய கடாரமே. ஆகவே கெரோடா யாருடைய பறவை, அஃது எங்கிருந்து பறந்து வந்தது என்னும் வினாக்கள் தமிழாசிரியர்களாகிய நமக்கு நெருங்கியவை. அவற்றுக்கு நாம் பொதுவாகக் கூறும் விடை சரிதானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் தமிழ்நாட்டைப் பார்ப்போம். கருடன் என்னும் வடசொல் தமிழில் கலுழன் என்று வழங்கும். உவணம் என்பது அதற்கு மற்றொரு பெயர். திருமாலின் கொடியில் புள் இருப்பதைப் புறநானூறு குறிக்கிறது. மதுரையில் உவணக் கொடியோனுக்குக் கோயில் இருந்ததைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறுகிறது. இவை வழிபாட்டுக்குரிய பறவையைப் பற்றிய செய்திகள். இதனோடு அச்சந்தரும் வேட்டைப் பறவையொன்றும் நாட்டுக் கதைகளில் உண்டு. அதனை அண்டரண்டப் பட்சி என்பர். ஏழு கடல் கடந்த தீவில் வாழ்வது, யானையைக் காலில் இடுக்கிக்கொண்டு பறப்பது என்றெல்லாம் தோட்டப்புறத்துப் பாட்டிமார் அதனைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்முள் பலர்.

யானையைத் தூக்கும் இச்செய்திக்கு மூலம் மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இருக்கிறது. தாய் வினதையின் அடிமைத்தளையை நீக்க அமுதம் கொணரப் புறப்பட்ட கருடன், வழியில் பசி தீர யானை ஒன்றையும் ஆமை ஒன்றையும் இரு கால்களில் பற்றிச் செல்கிறான். இக்கதை கடல் கடந்து சென்றபோது கருடனின் பெயரும் தாயன்பும் வழியில் உதிர்ந்தன. யானை மட்டும் அவன் காலிலேயே தங்கிவிட்டது போலும்! மடகாசுகருக்குத் தெற்கேயுள்ள தீவுகளில் யானையைத் தூக்கிப் போட்டுக் கொல்லும் ருக் என்னும் பறவை உண்டெனத் தாம் கேட்டதை மார்க்கோ போலோ எழுதினார். 14-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து திரும்பிய இபின் பத்தூத்தா, கடலில் மலைபோல் தோன்றியதைக் கண்டு மாலுமிகள் ருக் என்று நடுங்கியதைப் பதிவு செய்துள்ளார். ருக் பறவையின் யானைக் கதை கருடன் கதையிலிருந்து கிளைத்தது என்பதைக் கலை வரலாற்றறிஞர் உவிட்கோவர் 1938-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

இனிக் கடாரத்துக் கதைக்கு வருவோம். ரூம் நாட்டு அரசனின் மகனுக்கும் சீனப் பேரரசனின் மகளுக்கும் திருமணம் உறுதியாகிறது. அச்செய்தி கெரோடாவின் காதுக்கு எட்டுகிறது. பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் அரசராகிய நபி சுலைமானிடம் அது செல்கிறது. இம்மணம் நடவாமல் தடுத்துக் காட்டுவேன் என்று சூளுரைக்கிறது. இறைவன் கூட்டியதை எவரும் பிரிக்க இயலாது என்பது சுலைமானின் விடை. கெரோடா கேட்கவில்லை. சீன இளவரசியைச் செவிலியோடு கவர்ந்து சென்று இலங்காபுரி என்னும் தீவில் சிறை வைக்கிறது. ரூம் இளவரசன் மேரோங் மகாவங்சனின் துணையோடு கப்பற்படை சூழப் புறப்படுகிறான். கெரோடா வானத்திலிருந்து பாய்ந்து கப்பல்களைத் தாக்குகிறது. மேரோங் மகாவங்சன் அம்பெய்து போரிட்டும் கப்பல்கள் அழிகின்றன.

ஆயின் இளவரசன் இறக்கவில்லை. அலைகள் அவனை எந்தத் தீவில் ஒதுக்கின தெரியுமா? இளவரசி சிறையிருந்த அதே இலங்காபுரியில்! பிரிக்க முயன்ற பறவையின் செயலே இருவரையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டது. வெற்றி பெற்றதாக எண்ணிய கெரோடா, இளவரசி இருந்த பேழையைச் சுலைமானின் அவைக்குச் சுமந்து செல்கிறது. பேழையைத் திறந்தால் உள்ளே இளவரசனும் இருக்கிறான். கெரோடா தலைகுனிந்து மக்கள் வாழும் நிலத்தை விட்டுத் தொலைகடலுக்கு நீங்குகிறது. மேரோங் மகாவங்சனோ கெடாக் கரையில் இறங்கி இலங்காசுகம் என்னும் நகரை அமைத்து அரசனாகிறான். அவன் வழிவந்த மன்னர்களின் வரலாறாகவும், பின்னர் அவர்கள் இசுலாத்தைத் தழுவிய செய்தியாகவும் நூல் தொடர்கிறது.

இலங்காபுரி என்பது இன்றைய இலங்காவித் தீவு. சீராமனும் அனுமானும் போரிட்டுச் சென்றபின் ஆளின்றிக் கிடந்த தீவு அது என்று நூலே கூறுகிறது. இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1849-இல் வெளியிட்டவர் சென்னைப் படையில் அலுவலராக இருந்த சேம்சு லோ என்பவர். கெடாவின் பழைய கல்வெட்டுகளையும் இடிபாடுகளையும் முதன்முதலில் பதிவு செய்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நினைவிற் கொள்க.

கருடன், இலங்கை, இராமன், அனுமான் என்னும் பெயர்களைக் கண்டவுடன், "இது நம் கதை, சோழர் காலத்தில் நாம் கொண்டுவந்து தந்தது" என்று கூறிவிட நம் நெஞ்சு விரைகிறது. மேடைகளில் அவ்வாறு பேசுவோரும் உளர். பெயரளவில் நோக்கினால் அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பெயர் இந்திய நாட்டிலிருந்து வந்ததே. ஆனால் கதையின் உடலை எடுத்துப் பாருங்கள். விதியை மறுத்துச் சூளுரைக்கும் பறவை எங்கே? சுலைமானின் அவை எங்கே? மகாபாரதத்துக் கருடன் தாயை மீட்கப் பறந்தவன். திருமணத்தைத் தடுக்கப் பறந்தவன் அல்லன்.

இவ்வுடல் அரபு நூல்களில் கிடைக்கிறது. நைசாபூர் நகரத்து அறிஞர் தஅலபி 1035-இல் மறைந்தவர். அவர் தொகுத்த நபிமார் வரலாற்றில் அன்கா என்னும் பெரும் பறவை விதியை நம்ப மறுக்கிறது. மேற்கில் பிறந்த அரசகுமாரனும் கிழக்கில் பிறந்த அரசகுமாரியும் கூடுவர் என்று கேட்டு, அப்பெண்ணைத் தூக்கிச் சென்று மறைக்கிறது. இறுதியில் இருவரும் கூடியிருப்பது சுலைமானின் முன்னிலையில் வெளிப்பட, அன்கா நாணி மறைகிறது. கெடாக் கதையின் எலும்புக்கூடு இதுவேயாகும். அன்கா என்னும் பெயர் கழன்று கெரோடா என்னும் பெயர் ஏறியிருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் இந்தியப் பங்கு வெறும் பெயர்தானா? அதுவும் இல்லை. பௌத்த சாதகக் கதைகளுள் காகாதி சாதகம் என ஒன்றுண்டு. அதில் கருடன் அரசி காகாதியைத் தன் இருப்பிடத்துக்குக் கவர்ந்து செல்கிறான். அரசனின் இசைவாணன் ஒருவன் கருடனின் சிறகுக்குள் ஒளிந்தே அவ்விடத்தை அடைகிறான். பெண்ணைக் கவரும் பறவை தானறியாமல் ஆடவனையும் சுமந்து செல்வது இரு கதைகளிலும் ஒத்திருக்கிறது. எக்கதை எக்கதைக்குத் தாய் என்று அறுதியிடுவதைவிட, ஒரே கடலின் கரைகளில் இவை கலந்து உலவின என்பதே பொருத்தம்.

அக்கலப்புக் கடாரத்தில் நிகழ்ந்ததற்குக் காரணம் யாது? காற்றுத்தான். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறிமாறி வீசும் இக்கடலில், மேற்கிலிருந்து வந்த கப்பல்களும் கிழக்கிலிருந்து வந்த கப்பல்களும் மலாக்கா நீரிணைக் கரைகளில் காற்று மாறும்வரை காத்திருந்தன. பட்டினப்பாலை குறிக்கும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரைத்தார். 7-ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி ஈசிங் கெடா வழியாகவே இந்தியாவுக்குச் சென்றார். 1025-இல் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது படை செலுத்தினான்; அவனுடைய மெய்க்கீர்த்தியில் கடாரமும் இலங்காசோகமும் தனித்தனியே குறிக்கப்பெறுகின்றன. மேற்குக் கோடி ரூம் நாட்டையும் கிழக்குக் கோடி சீனத்தையும் மணத்தால் இணைக்க வேண்டுமென்றால், கதை சொல்பவன் அவ்விருவரையும் கெடாக் கடலில் சந்திக்கச் செய்வது இயல்புதானே? மணமக்களின் கதையாக அமைந்திருப்பது வாணிகத்தின் வழியே ஆகும்.

மக்கள் சமயம் மாறியபோது பழைய பறவையை அழித்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. வணங்கப்பட்ட கருடனை இறைவனின் ஆணைக்கு அடங்கும் ஓர் உயிராக்கிச் சுலைமானின் அவையில் நிறுத்தினர். சடாயுவுக்கும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. சடாயு நமக்குப் புள்ளிருக்குவேளூரிலும் திருப்புட்குழியிலும் நினைக்கப்படும் தியாகப் பறவை. மலாய் மொழியில் அதுவே 'செந்தாயு' ஆகி, மழைக்காக ஏங்கும் பறவையாகப் பழமொழியில் வாழ்கிறது. மழைத்துளிக்குக் காத்திருக்கும் சாதகப் பறவையின் இயல்பு அதன்மேல் வந்து படிந்தது போலும். அண்டை நாடுகளிலும் கருடன் வெவ்வேறு பணி ஏற்றான். சயாம் மன்னர் வச்சிராவுத் 1911-இல் அவனை அரசுச் சின்னமாக்கினார். 1950-இல் இந்தோனேசியக் குடியரசும் அவ்வாறே ஏற்றது; அச்சின்னத்தின் சிறகில் 17, வாலில் 8, கழுத்தில் 45 என்று இறகுகள் விடுதலை அறிவித்த 17-8-1945 என்னும் நாளைக் குறிக்கின்றன.

மாணவர் கேட்கும் வினா ஒன்று எஞ்சியுள்ளது: "ஐயா, அப்படி ஒரு பறவை உண்மையிலேயே இருந்ததா?" யானையைத் தூக்கும் பறவை இருந்ததில்லை. ஆனால் பெரும் பறவைகள் இருந்தன. மடகாசுகரில் வாழ்ந்த யானைப்பறவையின் முட்டைகளை ஆராய்ந்து 1851-இல் அதற்கு அறிவியற் பெயர் இட்டனர். ஆனால் அது பறக்க இயலாதது, இலையும் கனியும் உண்டது. நியூசிலாந்தில் 'ஆசுட்டுக் கழுகு' என்னும் மாபெரும் கழுகு வாழ்ந்தது. அதன் எடை 10 முதல் 15 கிலோ. மோவா என்னும் பெரும் பறவைகளை அது வேட்டையாடியது. மவோரி மக்கள் அங்குக் குடியேறிச் சில நூற்றாண்டுகளில் மோவா அழிந்தது. இரையிழந்த கழுகும் அழிந்தது. மனிதனைத் தூக்கிச் செல்லும் பறவையைப் பற்றிய மவோரிக் கதைகள் அதன் நினைவாக இருக்கக்கூடும் என்பர்.

கெரோடாவுக்கு அத்தகைய எலும்புச் சான்று எதுவும் தேவையில்லை. அதன் உயிருள்ள வடிவம் நம் கண்முன்னேயே பறக்கிறது. இலங்காவி என்னும் பெயரைச் செங்கழுகு என்று பொருள்படப் பிரித்துக் கூறும் வழக்கு உண்டு. அச்செங்கழுகு தமிழ்நாட்டார் கருடன் என்று கைகூப்பும் செம்பருந்தே. வெண்தலையும் செந்நிறச் சிறகும் கொண்ட அப்பறவையை எங்கள் சொகூர் மாநிலத்துப் பொந்தியான் கரையோரச் சதுப்புக் காடுகளிலும் காணலாம். மீனும் நண்டும் தின்று வாழும் அதன் நீளம் அரை மீட்டர் அளவே. அச்சிறு உடலுக்குள் யானையைத் தூக்கும் வலிமையையும் விதியை எதிர்க்கும் துணிவையும் ஏற்றிவைத்தவர்கள் கடலோடிகளும் கதைசொல்லிகளும் ஆவர்.

எனவே, கெரோடா யாருடையது என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். பெயர் இந்தியருடையது, கதையின் உடல் அரபியருடையது, அவ்விரண்டையும் இணைத்து ஓர் அரசின் தொடக்கமாக ஆக்கிய புலமை மலாய் மக்களுடையது. இவ்வாறு கூறுவதால் தமிழர்க்கு எவ்விழுக்கும் இல்லை. பட்டினப்பாலையும் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியும் தரும் உறுதியான சான்றுகள் நம்மிடம் இருக்க, உறுதியற்றவற்றை நமதென்று சேர்த்துக் கூறினால், உறுதியானவற்றையும் பிறர் ஐயுறுவர். நம் வகுப்பில் இருக்கும் பிள்ளை நாளை பல இன மாணவரோடு உயர்நிலைப் பள்ளியில் அமரப் போகிறவன். "எல்லாம் எங்களுடையதே" என்று அவன் சொல்லிப் பிறர் நகைக்கும் நிலையை நாம் உண்டாக்கலாகாது. "எம்முடையது ஒன்றும் இதில் இல்லை" என்று அவன் ஒதுங்கும் நிலையும் வேண்டா. இன்ன பங்கு எங்களுடையது, இன்னது உங்களுடையது என்று சான்றோடு சொல்லத் தெரிந்தால் அவன் நிமிர்ந்து இருப்பான்.

ஊழைப் பற்றித் திருக்குறள் ஓர் அதிகாரம் கொண்டது. ஆள்வினையைப் பற்றியும் ஓர் அதிகாரம் கொண்டது. விதிக்கும் முயற்சிக்கும் இடையே நடக்கும் வழக்கை அறிந்த தமிழ் மாணவனுக்குக் கெரோடாவின் கதை எளிதில் விளங்கும். ஆசிரியப் பெருமக்கள் ஊழ் அதிகாரத்தைப் பயிற்றும்போது இம்மலாய்க் கதையையும் உடன் எடுத்துரைத்து, தாம் வாழும் மண்ணின் இலக்கியத்தை மாணவர் உணருமாறு செய்வார்களாக.