நிருவாக இயலின் தோற்றமும் உழைப்பாளியும்

வணிகவியல் பயிலும் நம் இளைஞர்கள் பதினான்கு கொள்கைகள் என்றும் எட்டு மேற்பார்வையாளர் என்றும் தேர்வுக்காக உருப்போடும் பாடம் ஒன்று உண்டு. அதுவே நிருவாக இயல். இக்கொள்கைகள் எந்தச் சூழலில், யாருடைய தோளின்மேல் சுமை வைத்து ஆராயப்பட்டன என்பதைப் பாடநூல்கள் விரித்துரைப்பதில்லை. அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1856-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் பிரெடரிக் வின்சுலோ டெய்லர். 1878-இல் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகப் புகுந்து, தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். தொழிலின் நுட்பமெல்லாம் தொழிலாளரின் கையிலும் நினைவிலும் இருப்பதை அவர் அங்கே கண்டார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது முதலாளிக்குத் தெரியாது. தொழிலாளர்க்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார். சொன்னால் கூலி விகிதம் குறையும் என்பதைப் பட்டறிந்தவர் அவர். அந்த அறிவைக் கடிகாரத்தால் அளந்து, ஏட்டில் எழுதி, நிருவாகத்தின் உடைமையாக்குவதே டெய்லர் கண்ட வழி. சிந்தனை திட்ட அறைக்கு, உடலுழைப்பு தொழிலாளர்க்கு. 1911-இல் அவர் வெளியிட்ட 'அறிவியல் முறை நிருவாகத்தின் கோட்பாடுகள்' என்னும் நூலின் சாரம் இதுதான்.

அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி உலகறிந்தது. பெத்லகேம் எஃகு ஆலையில் 1899-இல், 92 பவுண்டு எடையுள்ள இரும்புப் பாளங்களைச் சுமந்து புகைவண்டிப் பெட்டிகளில் ஏற்றும் வேலை நடந்தது. ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி பன்னிரண்டரை டன் ஏற்றினார். நாற்பத்தேழரை டன் ஏற்ற முடியும் என்று கணக்கிட்ட டெய்லர், அதற்கென ஒருவரைத் தேர்ந்தார். நூலில் அவர் பெயர் 'சுமிட்'. உண்மைப் பெயர் ஹென்றி நால். தூக்கு என்றபோது தூக்கி, உட்கார் என்றபோது உட்கார்ந்து, அவர் அத்தனையும் ஏற்றினார். ஏறத்தாழ 1,150 பாளங்கள்! சுமை ஏறத்தாழ நான்கு மடங்கானது. கூலியோ 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட். இரு மடங்குகூட இல்லை. இக்கதையில் டெய்லர் கூட்டிச் சொன்னவை உண்டு எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

இவ்வேலைக்கு ஏற்றவன் எருதைப் போன்ற மந்தமானவனே என்று டெய்லர் கூசாமல் எழுதினார். அதே சுமைகாரர் சிறு நிலம் வாங்கி, வேலைக்கு வருமுன்னும் சென்றபின்னும் தம் வீட்டுச் சுவரைத் தாமே எழுப்பி வந்தார் என்றும் அந்நூலிலேயே எழுதியுள்ளார்! வீடு கட்டத் தெரிந்தவர்க்குத் தம் வேலையைப் பற்றிச் சிந்திக்கத் தெரியாதாம்.

உழைப்போரை இவ்வாறு தரம் பிரிக்கும் பார்வை நமக்குப் புதிதன்று. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே மேல்கீழாகப் பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் நிறுவினார். ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். டெய்லரின் ஆலையில் சுமைகாரரின் மகனும் சுமைகாரராகவே இருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

தொழிலாளரும் வாளா இருக்கவில்லை. 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் அரசுப் படைக்கலச் சாலையில், கடிகாரத்தின் முன் வேலை செய்ய ஒரு வார்ப்படத் தொழிலாளர் மறுத்தார்; அதையொட்டி உடன் உழைத்தோரும் வெளியேறினர். அமெரிக்கக் காங்கிரசு விசாரணைக் குழு அமைத்தது. 1912-இல் டெய்லரே அதன்முன் சாட்சியம் அளிக்க நேர்ந்தது.

பிரான்சு நாட்டு ஹென்றி ஃபயோல், நொடிந்து கிடந்த சுரங்க நிறுவனம் ஒன்றை 1888 முதல் 30 ஆண்டுகள் நடத்தி நிமிர்த்தியவர். 1916-இல் அவர் வெளியிட்ட 14 கொள்கைகளுள் 'ஒருவர்க்கு ஒரே மேலதிகாரி' என்பது, டெய்லரின் எட்டு மேற்பார்வையாளர் முறைக்கு நேர் மறுப்பு. நிருவாகத்தைப் பள்ளியில் கற்பிக்க முடியும், கற்பிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

நிற்க. செருமானிய அறிஞர் மாக்சு வெபர் ஆலையைவிட அலுவலகத்தையே கூர்ந்து நோக்கினார். அவர் 1920-இல் மறைந்தபின் வெளிவந்த 'பொருளாதாரமும் சமுதாயமும்' என்னும் நூல் அதை விளக்குகிறது. எழுதப்பட்ட விதி, கோப்பு, நிலையான சம்பளம், தகுதி கண்டு நியமனம் ஆகியவை அங்கே ஆட்சி செய்யும். குலப்பெருமையும் அரசனின் தயவும் செல்லா. விதியின்முன் ஆள் பார்க்கலாகாது. இதன் அருமை, ஆள் பார்த்து ஒதுக்கப்பட்டவர்க்கே நன்கு விளங்கும்.

ஆனால் வெபர் இதைக் கண்மூடிப் போற்றியவர் அல்லர். பட்டம் பெறப் பல்லாண்டுக் காத்திருப்பும் பெருஞ்செலவும் வேண்டும். எனவே திறமை பின்தள்ளப்பட்டு உடைமையே முந்திக்கொள்ளும் என்று அவர் எழுதிவைத்தார். உதவித்தொகையும் விடுதியும் எதற்கு என்று நம்மைக் கேட்போர்க்கு அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம்.