குற்றம் சேற்றினதா? மீனின் மண் மணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குளத்து மீனை உண்போர் பலரும் அதன் தசையிற் சிலவேளை வீசும் மண் மணத்தை அறிவர். மீன் சேற்றைத் தின்றது, ஆதலாற் சேறு மணக்கிறது என்பதே அதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். கண்ணுக்குத் தெரியும் பொருளின்மீது பழியைச் சுமத்துதல் எளிது. இப்பழி பொருந்தாது என்பதை நிறுவ விஞ்ஞான உலகுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது. கருவிகள் போதாமை மாத்திரம் இத்தாமதத்துக்குக் காரணமன்று. மண்ணின் மணம் பற்றிய ஆய்வும் மீனின் சுவை பற்றிய ஆய்வும் நெடுங்காலம் பெரும்பாலும் வெவ்வேறு வழிகளிற் சென்றமையும் ஒரு காரணம் என்பது எமது கருத்து. கலைப்பீட மாணவருக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று கேட்போர் இதனை அறிவின் வரலாறாகக் கொள்வாராக.

மண்ணின் வழியை முதலில் நோக்குவோம். 1891ஆம் ஆண்டிற் பிரான்சிய இரசாயனவியலாளர் பேர்தலோவும் அந்ரேயும் மண்ணை வடித்து, அதன் மணத்துக்குரிய பொருளைப் பிரிக்க முயன்றனர். கற்பூரத்தை ஒத்த ஒரு பொருள் மிகமிக நுண்ணிய அளவில் உள்ளது என்பதற்கு அப்பால் அவர்களாற் செல்ல முடியவில்லை. அந்நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் றுல்மன் என்பவர் மண் மணம் வீசும் நுண்ணங்கியொன்றை வளர்த்துக் காட்டினார். மணம் மண்ணுக்குரியதன்று, மண்ணில் வாழும் உயிருக்குரியது என்ற எண்ணம் இவ்வாறே தோன்றியது. எனினும் அப்பொருள் யாதென்பது தெரியவில்லை.

மீனின் வழி வேறாக அமைந்தது. பிரான்சின் கிரெனோபிளில் நன்னீர் மீன்களை ஆராய்ந்த லெஜே, 1910இல், மீனின் சேற்றுச் சுவைக்கு ஒசிலற்றோரியா என்னும் நீலப்பச்சை அல்காவைக் காரணமாகக் காட்டினார். (அல்கா என வழங்கினும் இதுவும் பற்றீரிய இனத்தைச் சேர்ந்ததே என்பது இன்றைய வகைப்பாடு.) 1936இல் பிரித்தானியாவில் தைசன், ஆற்றுச் சால்மன் மீனின் மண் சுவையை ஆராய்ந்து, நீரில் வளரும் அக்ரினோமைசீற்று என்னும் இழையுருவான பற்றீரியாக்களே அதனை உண்டாக்குகின்றன என்றார். இவரும் பென்ரலோவும் அப்பற்றீரியாக்களின் மணம் கலந்த நீரில் மீன்களை விட்டபோது அவற்றின் தசையிலும் அம்மணம் ஏறியது. மீன் சேற்றைத் தின்ன வேண்டிய தேவையே இல்லை! இப்பரிசோதனையின் எளிமையே அதன் சிறப்பு. பிரிந்து சென்ற இரு வழிகளையும் இணைக்க முற்பட்டவர் தைசன் எனலாம். ஆயினும் லெஜே கூறியது சரியா, தைசன் கூறியது சரியா என்ற வினா எஞ்சியது. மணப்பொருள் கைக்கு எட்டாதவரை இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது.

அப்பொருளைக் கைக்கொண்டு வந்தவர் நான்சி கேர்பர் என்னும் பெண்மணி. நியூ ஜேர்சியில் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுண்ணுயிரியல் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். காசநோய்க்கு மருந்தான ஸ்ரெப்ரோமைசின் விற்பனையிற் கிடைத்த உரிமைப் பணத்தால் எழுந்த நிறுவனம் அது. அம்மருந்தைத் தந்ததும் அக்ரினோமைசீற்றே என்பது நினைவுகொள்ளத்தக்கது. 1965இல் கேர்பரும் லெஷவலியேயும் மணப்பொருளைத் தூய நிலையிற் பிரித்தெடுத்து, 'மண்', 'மணம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து 'ஜியோஸ்மின்' எனப் பெயரிட்டனர். ஈராண்டு கழித்து, 1967இல், சாபர்மனும் துணைவரும் நீலப்பச்சை அல்காவொன்றிலிருந்து அதே பொருளைப் பெற்றனர். ஆகவே லெஜேயும் பிழைக்கவில்லை, தைசனும் பிழைக்கவில்லை. 1969இல் மெதைல்ஐசோபோணியோல் என்ற இரண்டாவது மணப்பொருளும் இனங்காணப்பட்டது. இறுதியாக, 1974இல், கனடாவின் மனிற்றோபா மாகாணத்து ஏரிகளிற் பிடித்த திரவுற்று மீன்களின் தசையிலேயே ஜியோஸ்மின் இருப்பதை யூர்க்கோவ்ஸ்கியும் தபச்செக்கும் காட்டினர். சேறு விடுதலை பெற்ற ஆண்டு இதுவெனக் கொள்ளலாம்.

இப்பொருள் செவுள் வழியே குருதியிற் கலந்து கொழுப்பிற் சேர்கிறது. ஏறுவதற்குச் சில மணி நேரம் போதும். இறங்குவதற்கோ நாட்கள் செல்லும், கொழுத்த மீனில் இன்னும் நீளும். ஓர் இலீற்றர் நீரில் ஏறக்குறைய 10 நனோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதனை உணர்ந்துவிடும். ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இம்மணத்தால் உண்பவருக்குத் தீங்கில்லை. மீன் விலைபோகாது என்பதே கேடு.

அக்கேடு யாரைத் தாக்கியது என்பதை அமெரிக்காவின் தென் மாநிலங்களிற் காணலாம். மிசிசிப்பி, அலபாமா ஆகிய மாநிலங்களிற் கெளிற்று மீன் வளர்ப்பு 1960களிலிருந்து பெருந்தொழிலாக வளர்ந்தது. மீனுக்கு இடும் உணவின் எச்சம் குளத்து நீருக்கு எருவாக, வெப்பமான மாதங்களில் நீலப்பச்சை அல்கா செழித்தது. மீனை வாங்கும் ஆலைகள் சுவைஞரை அமர்த்தின. அறுவடைக்கு முன் ஒவ்வொரு குளத்திலிருந்தும் மாதிரி மீனெடுத்து, உப்போ தூளோ இடாது வேகவைத்து அவர்கள் முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பர். மண் மணம் தட்டினால் அக்குளத்து மீன் அன்று கொள்ளப்படமாட்டாது. வளர்ந்து முற்றிய மீனுக்கு உழவர் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தீனியிட்டுக் காத்திருத்தல் வேண்டும். அல்காவை அழிக்கச் செப்புச் சல்பேற்றை இடுவர். அளவு தப்பினால் மீனுக்கே ஆபத்து. குளத்தை அவர் எவ்வளவு தூய்மையாகப் பேணினார் என்பதை எவரும் கேட்பதில்லை. நுண்ணளவைக் கருவிகள் பல வந்துவிட்ட பின்னரும் இத்தொழிலில் மனித நாவே நீதிபதியாக இருந்தமை வியப்புக்குரியது.

இடையில் எமது அடுக்களை பற்றியும் ஒரு சொல். குளத்து மீனைப் பழப்புளி கரைத்துக் கழுவும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமற்ற வேறொரு பொருளாக மாறும் என்பதைக் கேர்பரும் லெஷவலியேயும் ஆய்வுகூடத்திற் கண்டனர். சட்டியில் எவ்வளவு மாறுகிறது என்பது வேறு கதை. ஆயினும் எமது பாட்டிமார் பிழையான திசையிற் கை நீட்டவில்லை.

சேற்றின்மீதான பழி முற்றாக நீங்கும் இடம் இன்றைய கட்டடத் தொட்டிகளே. ஒரே நீரை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, தரையிலேயே சால்மனும் திரவுற்றும் வளர்க்கின்றனர். அங்கே சேறில்லை, வெயிலில்லை, அல்கா செழிக்க வழியுமில்லை. ஆயினும் நீரைத் தூய்மையாக்கும் வடிகளிற் படியும் பற்றீரியாக்கள் அதே மணத்தைத் தருகின்றன. ஆகையால் விற்பனைக்கு முன் மீன்களைத் தனித் தொட்டியிற் புதுநீரில் விட்டு, உணவின்றிப் பல நாட்கள் வைத்திருப்பர். மணம் இறங்கும், மீனின் நிறையும் இறங்கும். குறைந்த நிறைக்கு எவரும் பணம் கொடுப்பதில்லை.